சுகாதாரக் கல்வி என்னும் தொழில்: வன்னியில் தொடங்குவோர்க்கு

வன்னிப் பெருநிலத்திலே நோய்கள் பெரும்பாலும் பருவம் பார்த்தே வருகின்றன. ஐப்பசி மாதத்திலே காலபோகத்துக்கென வயல் உழுது விதைக்கத் தொடங்கும்போது, சேற்றிலே வெறுங்காலோடு நிற்பவரைத் தேடி எலிக்காய்ச்சல் வருகிறது. கார்த்திகையும் மார்கழியுமாய் மழை கொட்டித் தீர்த்து, வளவிலே எறிந்து கிடக்கும் சிரட்டையிலும் பேணியிலும் பழைய ரயரிலும் நீர் தேங்கி நிற்க, தை பிறப்பதற்குள் டெங்கு வீடு வீடாய் ஏறி இறங்குகிறது. அரிவு வெட்டும் நாட்களிலே கதிரடியிலும் வைக்கோற் போரடியிலும் பாம்பு கிடக்கிறது. பங்குனிக்குப் பின் கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கி, குடிக்கவும் சமைக்கவும் கிடைத்த நீரே போதுமென்று ஆகும்போது வயிற்றோட்டம் பிள்ளைகளை வாட்டுகிறது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலிலே கூடும் பெருங்கூட்டத்துக்குக் குடிநீரும் மலசல கூடமும் உணவுக் கடைகளின் சுத்தமும் பெருங்கவலையாகின்றன. இந்த வரிசையை நெஞ்சிலே பதித்துக்கொண்டு, நோய் வருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஊருக்குள் போய் நிற்கும் மனிதர் ஒருவர் எந்தச் சமூகத்துக்கும் வேண்டும். அவருடைய தொழிலைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

ஆஸ்பத்திரியிலே இருக்கும் வைத்தியருடைய கடமை நோயாளி வந்து வாங்கிலே அமர்ந்த பிறகு தொடங்குகிறது. சுகாதாரக் கல்வியாளருடைய கடமையோ அந்த மனிதர் நோயாளியாவதற்கு முன்னரே, அவருடைய வயல் வரம்பிலும் அடுக்களையிலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் தொடங்கிவிடுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் முயற்சியால் 1978இல் அல்மா ஆட்டா நகரிலே கூடிய மகாநாடு ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை எல்லா நாடுகளுக்கும் பொதுவான இலக்காக்கியது. எட்டாண்டுகள் கழித்து, 1986 நவம்பரிலே, கனடாவின் ஒட்டாவா நகரிலே கூடியவர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, மக்கள் தம் ஆரோக்கியத்தின் மீது தாமே கூடுதலான ஆளுகை பெறச் செய்வதே சுகாதார மேம்பாடு என்று வகுத்தார்கள். தனிமனிதருக்கு அறிவூட்டுவதோடு நில்லாமல், சூழலையும் சமூகத்தின் செயலையும் அரசின் கொள்கையையும் சுகாதார சேவையின் போக்கையுமே மாற்ற வேண்டுமென்றும் வற்புறுத்தினார்கள். நம்மூர் நிலைமையிலே இதைச் சொல்வதானால், கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று தாய்மாருக்கு எடுத்துரைப்பது சுகாதாரக் கல்வி. அந்தத் தாய் விறகுக்கு எத்தனை கட்டை நடக்கிறாள், கிணற்றுக்குக் கட்டு உண்டா, மலசல கூடம் கிணற்றுக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்று கண்டறிந்து, கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் பிரதேச சபையையும் அந்தக் கிணற்றடிக்கு அழைத்து வருவது சுகாதார மேம்பாடு. இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டியிருப்பதால், இத்தொழிலுக்கு வருபவர் நல்ல பேச்சாளராக இருந்தால் மட்டும் போதாது.

இது நம்மவர்க்குப் புதிய தொழில் என்று எண்ணுதல் பிழையாகும். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மாணாக்கரைத் தமிழிலேயே வைத்தியம் பயிற்றி, வைத்திய நூல்களையும் தமிழாக்கி, உடலைப் பற்றிய சாஸ்திர அறிவு இந்த மொழியிலே சொல்லக்கூடியதுதான் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவிச் சென்றார். ரொக்பெல்லர் ஸ்தாபனத்தின் துணையோடு 1916இல் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு வேலையிலிருந்து படிப்படியாக வளர்ந்து, 1926இல் களுத்துறையிலே நிறுவப்பட்ட சுகாதாரப் பகுதியே, இன்று இலங்கை முழுவதும் பரந்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு மூலமாகும். கரைச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ செட்டிகுளத்திலோ ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி ஏற்றும் கிளினிக் நடக்கிறதென்றால், அதன் வேர் அந்தக் களுத்துறை ஏற்பாட்டிலே இருக்கிறது.

மாணாக்கர் விசேஷமாகப் படித்தறிய வேண்டிய இருவகை முன்னோடிகள் நமக்கு உண்டு. ஒருவர், நந்தி என்னும் பெயரிலே எழுதிய பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே சமுதாய மருத்துவத்தைக் கற்பித்த அவர், மலையகத் தோட்ட மக்களின் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ என்னும் நாவலாக எழுதினார். அதே எழுதுகோலால் ‘அன்புள்ள நந்தினி’, ‘நந்தினி உன் குழந்தை’ முதலிய நூல்களைச் சாதாரண வாசகர்க்கான சுகாதாரப் புத்தகங்களாகவும் எழுதினார். கதை சொல்லத் தெரிந்தவர் கையிலே சுகாதார அறிவு சேரும்போது அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவரைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. மற்றையது வன்னிக்கே உரியது. 1970களின் பிற்பகுதியிலே வவுனியாவை மையமாகக் கொண்டு கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம், 1977 வன்செயலினால் மலைநாட்டைவிட்டுப் பெயர்ந்து வந்த குடும்பங்களை இந்த மண்ணிலே குடியமர்த்தியபோது, காணியையும் கிணற்றையும் பாலர் பாடசாலையையும் வைத்திய உதவியையும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்காமல் ஒரே வேலையின் அங்கங்களாகவே கொண்டு நடத்தியது. ஒட்டாவாவிலே பிரகடனம் எழுதப்படுவதற்கு முன்னரே நடந்த காரியம் அது. இராஜசுந்தரம் 1983 யூலையிலே வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். அவர் தொடங்கிய வேலையின் தன்மையை அறியாமல் வன்னியிலே சமூக சுகாதாரம் பேச வருவது, இத்தொழிலின் பிதிரார்ச்சிதத்தைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

பதவிகளும் அவற்றின் இயல்பும்

அரச சேவையிலே இவ்வேலையின் அடித்தளமாய் நிற்பவர் குடும்பநல உத்தியோகத்தர். மருத்துவ மாது என்ற பழைய பெயராலும் ஊரார் அவரை அழைப்பதுண்டு. கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவுசெய்து, வீடு தேடிச் சென்று பார்த்து, பிள்ளையின் நிறையை அட்டவணையிலே குறித்து, போஷாக்குக் குறைந்தவர்க்குத் திரிபோஷா கிடைக்கச் செய்து, குடும்பக் கட்டுப்பாடு முதல் முலைப்பால் ஊட்டுவது வரை எல்லாவற்றையும் அடுப்படியிலே இருந்து கதைக்கக்கூடியவர் அவர் ஒருவரே. சுகாதாரக் கல்வி என்ற பெயர் அவருடைய நியமனக் கடிதத்திலே பெரிதாக இராவிட்டாலும், நாட்டிலே அதிகமான சுகாதாரக் கல்வி அவர் வாயிலாகவே நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பதினெட்டு மாதப் பயிற்சியின் பின்னர் நியமனம் பெறும் இப்பதவியைச் சிறிய உத்தியோகமென்று கருதிப் பெற்றோர் பிள்ளைகளைத் தடுப்பது மிகவும் வருந்தத்தக்கது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் நிலை வேறு. ஊரவர் பி.எச்.ஐ. என்றே அழைக்கும் இவருக்கு 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டமும் அதிகாரம் அளித்திருக்கின்றன; சாப்பாட்டுக் கடையைப் பரிசோதித்து வழக்குத் தொடரலாம், வளவிலே நுளம்புக் குடம்பி கண்டால் அறிவித்தல் கொடுக்கலாம். அந்த அதிகாரமே அவருக்குப் பலமும் இடைஞ்சலுமாகும். நேற்று வழக்குப் போட்டவர் இன்று வந்து சுகாதாரம் கற்பிக்கிறார் என்றால், படலையைத் திறப்பவர் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இப்பதவியை நாடுபவர் முதலாம் மாதத்திலே கடைகடையாகப் போகும்போது எழுதுகோலை எடுக்காமல், கடைக்காரருக்கு நீர் எங்கிருந்து வருகிறது, குப்பையை யார் எடுக்கிறார்கள், ஈயை மறைக்கக் கண்ணாடிப் பெட்டி வாங்கக் கையிலே பணமுண்டா என்று விசாரித்து அறிந்துகொள்வது நன்று. பின்னர் சட்டத்தைப் பிரயோகிக்க நேர்ந்தாலும் அது நியாயமென்று அந்த வீதியே ஒப்புக்கொள்ளும்.

இவ்விருவர்க்கும் மேலே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியும் சுகாதார வைத்திய அதிகாரியும் உளர். மாவட்ட மட்டத்திலே, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பணிமனையிலே, சுகாதாரக் கல்வி உத்தியோகத்தர் இருந்து நிகழ்ச்சிகளை ஒழுங்கமைக்கிறார். கொழும்பிலே சுகாதார மேம்பாட்டுப் பணியகம் நாடு முழுவதற்குமான பிரசுரங்களையும் பயிற்சிகளையும் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் போன்ற ஏற்பாடுகளையும் வகுத்தளிக்கிறது. இவை தவிர, சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியர், உளவளத் துணையாளர், அரசசார்பற்ற நிறுவனங்களின் கள உத்தியோகத்தர் ஆகியோரும் இதே நிலத்தை வேறு வேறு மூலையிலிருந்து உழுகிறவர்களே.

கற்கும் வழி

க.பொ.த. உயர்தரத்திலே விஞ்ஞானப் பிரிவிலே சித்தியடைந்தவர்க்குப் பரிசோதகர் பயிற்சியும் குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சியும் நேரான வழிகள். ஆட்சேர்ப்புத் தகைமைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், அண்ணனோ மாமாவோ தாம் சேர்ந்த காலத்து விதியைச் சொல்லக் கேட்டு நம்பியிராமல், வர்த்தமானியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்க்கும் வழக்கத்தை உயர்தரப் பரீட்சை எழுதிய வாரத்திலிருந்தே கைக்கொள்ள வேண்டும். பிரதேச செயலகத்திலும் பொது நூலகத்திலும் அதைப் பார்க்கலாம். இணையத்திலும் மூன்று மொழியிலும் வெளிவருகிறது. விண்ணப்ப முடிவுத் திகதி கடந்த பின்னர் செய்தி அறிந்து மனம் நொந்த பிள்ளைகள் வன்னியிலே மிகப் பலர்.

பட்டம் பெற விரும்புவோர்க்கு வாய்ப்பு எட்டாத தூரத்தில் இல்லை. வவுனியாவுக்குத் தெற்கே, மிகிந்தலையிலே, ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சுகாதார மேம்பாட்டிலே விஞ்ஞானமாணிப் பட்டநெறியை நடத்துகிறது. மாணவர் கிராமங்களிலே சென்று மக்களோடு கூடி வேலைசெய்தே கற்க வேண்டிய நெறி அது. போதனா மொழி ஆங்கிலம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலிலே அதற்கு வேண்டிய பாடங்களும் குறியீடும் தரப்பட்டிருக்கும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டும் அந்தக் கைநூலைப் புரட்டுகின்ற வழக்கத்தை நம் பாடசாலைகள் கைவிட வேண்டும். வைத்தியராகி இத்துறையிலே உயர விரும்புவோர்க்குக் கொழும்பிலே உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் சமுதாய மருத்துவத்திலே உயர்கல்வி அளிக்கிறது. தமிழகத்திலே திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்திலே, 1964இல் நிறுவப்பட்ட கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் சுகாதாரக் கல்வியாளரைப் பயிற்றுவதிலே நீண்ட அனுபவம் உடையது. அங்கு போய்ப் படிக்க இயலாதவரும் அத்தகைய நிறுவனங்கள் தமிழிலே ஆக்கியிருக்கும் பயிற்சிப் பிரசுரங்களைத் தேடிப் படித்தல் தகும்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் சிங்களம் பேசும் குடும்பங்கள் பெருந்தொகையாய் வாழ்கின்றன. செட்டிகுளத்திலே முஸ்லிம் ஊர்கள் உள. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் மூன்றாம் தலைமுறை வளர்ந்துவிட்டது. மேலிடத்துச் சுற்றறிக்கைகளும் பயிற்சிகளும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. வேலையோ பெரும்பாலும் தமிழிலே நடக்கிறது. நல்ல தமிழ், பேசுமளவு சிங்களம், படித்து விளங்குமளவு ஆங்கிலம் ஆகிய மூன்றும் கைவரப் பெற்றவருக்கு வன்னியிலே இத்தொழிலில் இடமில்லாமற் போகாது. உயர்தரப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களைச் சிங்களம் கற்பதிலே செலவிடுவது, வேறெந்தச் சான்றிதழ் வகுப்பையும்விடப் பயன் தரும்.

அறியாமை என்று எண்ணிவிடாதீர்

இனி, எந்தப் பாடநூலையும்விட இந்த நிலமே தெளிவாகக் கற்பிக்கும் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர், மக்கள் அறியாமையினாலேயே நோயுறுகிறார்கள், அறிவூட்டினால் திருந்துவார்கள் என்ற எண்ணத்தோடு வருகிறார். வன்னியிலே அது பெரும்பாலும் உண்மையன்று.

போர் முடிந்தபின் மிதிவெடி அபாயக் கல்வி இங்கே பரவலாக நடந்தது. யுனிசெப் முதலிய ஸ்தாபனங்கள் துணைநின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மீளக்குடியேறியோர்க்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகையின் பொருள் நன்றாகவே தெரிந்திருந்தது. இருந்தும் பழைய இரும்பு பொறுக்கப் போனவர்கள் அபாயமுள்ள காணிகளுக்குள்ளே போய்க் கை கால் இழந்தார்கள், சிலர் உயிரும் இழந்தார்கள். அவர்களுக்கு வெடியைப் பற்றி யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டிலே அடுப்பு எரிய அன்று கிடைத்த ஒரே வருமானம் அந்த இரும்பாயிருந்தது. அறிவூட்டும் வேலையோடு சீவனோபாயத்துக்கு வழிதேடும் வேலையும் சேர்ந்தாலன்றி அந்தக் காலடி நிற்காது.

பாம்புக்கடியும் அப்படியே. புடையன் கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கடிவாயைக் கீறக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது, மோதிரமும் கொலுசும் இருந்தால் கழற்ற வேண்டும், கடிபட்ட அங்கத்தை ஆட்டாமல் வைக்க வேண்டும் என்பவையெல்லாம் கற்பிக்க வேண்டியவைதாம். அரச ஆஸ்பத்திரிகளிலே விஷ எதிர்ப்பு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால், இரவு ஒன்பது மணிக்கு மாந்தை கிழக்கிலே ஓர் உட்கிராமத்தில் கடிபட்டவரை ஏற்றிச் செல்ல ஓட்டோ இல்லையென்றால், அந்தக் குடும்பம் பக்கத்து ஊரிலுள்ள விஷகடி வைத்தியரிடம் போவதை மூடநம்பிக்கை என்று சொல்வது அநியாயம். அந்த ஊரிலே சுகாதாரக் கல்வியாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, இரவிலே அழைத்தால் வரக்கூடிய வாகனக்காரர் மூவரின் தொலைபேசி இலக்கங்களைத் திரட்டிக் கடைச் சுவரிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டுவது. இரண்டாவது, விஷகடி வைத்தியரையே சென்று கண்டு, மரியாதையாகப் பேசி, கடிபட்டவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கும் ஒருவராக அவரை ஆக்கிக்கொள்வது. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களிலே நிலத்திலே படுத்துறங்கிய காலத்திலே கட்டுவிரியன் கடி ஏன் பெரும் பயமாயிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: வலி தோன்றாமல் உறக்கத்திலே கடித்துச் செல்லும் அந்தப் பாம்புக்கு நல்ல மறிப்பு, கட்டிலும் விளிம்பு செருகிய நுளம்புவலையும். கட்டில் வாங்க முடியாதவரிடம் கட்டிலைப் பற்றிப் பிரசங்கிப்பதால் பயனில்லை. அது யார் மூலம் கிடைக்குமென்று தேடிப் போவதே கல்வியாளரின் வேலை.

இவற்றிலும் நுட்பமானது சிறுநீரக நோயின் விஷயம். 1990களிலே வடமத்திய மாகாணத்திலே அவதானிக்கப்பட்ட, காரணம் தெளிவாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா மாவட்டத்தின் தென்பகுதியிலும் முல்லைத்தீவின் வெலிஓயாவிலும் விவசாயக் குடும்பங்களைப் பீடித்திருக்கிறது. நீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்களும், வெயிலிலே நீரின்றி உழைப்பதும் என்று பலவற்றின்மேல் ஐயம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. இந்நிலையிலே ஆர்வமிக்க ஓர் இளைஞர் ஊர்க் கூட்டத்திலே எழுந்து, உங்கள் கிணற்று நீர் விஷம் என்று முழங்கிவிட்டுப் போனால் என்ன நேரும்? சுத்திகரித்த நீர் வாங்கப் பணமுள்ளவர் வாங்குவார். இல்லாதவர் அதே கிணற்றைப் பயத்தோடு குடிப்பார், அல்லது குறைவாகக் குடிப்பார், அது சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு. அந்த ஊருக்கு நோயூர் என்று பெயர் விழும். பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள். ஆகையால், நிறுவப்படாததைச் சொல்லாதிருக்கும் அடக்கமும், நிறுவப்பட்டதைத் தெளிவாகச் சொல்லும் துணிவும் ஒருங்கே வேண்டும். வயலுக்குப் போகும்போது போதிய நீர் கொண்டுசெல்லுங்கள். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையிலே நோவு மாத்திரை வாங்கி நாட்கணக்காக விழுங்காதீர்கள். பரிசோதனை முகாம் வந்தால் தவறாமல் இரத்தமும் சிறுநீரும் கொடுங்கள். இந்த நான்கும் எந்தக் காரணம் பின்னர் நிறுவப்பட்டாலும் பொய்யாகாதவை. பரிசோதனையிலே நோய் கண்டவரின் பெயர் ஊருக்குள் வெளிவராமல் காப்பதும் கல்வியாளரின் கடமையே.

மதுவைப் பற்றியும் இதே முறையிலே சிந்திக்க வேண்டும். கசிப்பு குடலை அழிக்கும், குடும்பத்தைக் கெடுக்கும் என்று குடிப்பவருக்கே தெரியும். கொழும்பிலே 1987இல் தொடங்கிய மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையமும், அதோடு நெருங்கி உழைத்த உளநல வைத்தியப் பேராசிரியர் தியநாத் சமரசிங்கவும் வளர்த்த அணுகுமுறை, பயமுறுத்துவதை விட்டு, குடிக்கு ஊரார் கற்பித்திருக்கும் கவர்ச்சியையும் வீரத்தையும் சலுகையையும் ஊரவரே கேள்விக்குள்ளாக்கச் செய்வது. குடித்தவன் பேசினால் குற்றமில்லை என்று விட்டுவிடும் வழக்கம் ஏன் என்று மாதர் சங்கமே கேட்கத் தொடங்குவது. படங்காட்டிப் பயமுறுத்தும் பழைய பிரசாரத்தைவிட இது மெதுவானது. ஆனால் வேரைத் தொடுவது. போரின் துயரம் உள்ளே கிடந்து குடியாக வெளிவரும் வீடுகளிலே இது மட்டும் போதாது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் எழுதியவற்றைப் படித்து, எந்தக் கட்டத்திலே உளவளத் துணையாளரிடம் அனுப்ப வேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

நியமனத்துக்கு முன்னர்

பதவி கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஊரிலே முப்பது நாற்பது வீடுகளைக் கொண்ட ஓர் ஒழுங்கையைத் தேர்ந்தெடுத்து, குடும்பநல உத்தியோகத்தரையும் கிராம அலுவலரையும் கண்டு அனுமதி பெற்று, ஒரேயொரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி நெருங்குகிறதென்றால் எலிக்காய்ச்சலை எடுக்கலாம். 2024 டிசெம்பரிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்நோய் பரவி உயிர்கள் போனதை எல்லோரும் அறிவார்கள்; ஆகையால் கேட்பார்கள். வயலுக்குப் போகிறவர் யார் யார், காலிலே புண் உள்ளவர் யார், சுகாதாரப் பணிமனையிலே கொடுக்கும் தடுப்பு மாத்திரையைச் சென்ற போகத்திலே எடுத்தவர் எத்தனை பேர், எடுக்காதவர் ஏன் எடுக்கவில்லை என்று எழுதுங்கள். ‘ஏன்’ என்ற நிரலுக்கே அதிகமான இடம் விடுங்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்பார் ஒருவர். வெறும் வயிற்றிலே எடுத்திருப்பார். பணிமனை திறக்கும் நேரத்திலே வயலில் நிற்கிறேன் என்பார் மற்றொருவர். இந்த இரண்டு மறுமொழியும் உங்கள் கையிலிருந்தால், பரிசோதகரிடம் போய் மாத்திரையை மாலையிலே கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே கொடுக்கலாமா என்று கேட்க உங்களுக்கு ஆதாரம் உண்டு.

கதைக்கும் முறையிலே சிரத்தை வேண்டும்.

“அம்மாச்சி, போன முறை குளிசை எடுத்தனீங்களோ?”

“எடுத்தனான் மோனை, ஒண்டு. பிறகு தலை சுத்தினது, விட்டிட்டன்.”

இங்கே, அப்படி விடக்கூடாது என்று உடனே சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். எப்போது எடுத்தீர்கள், அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், அந்த அம்மாச்சியே காரணத்தைச் சொல்லிவிடுவார்.

நேர்முகப் பரீட்சையிலே இந்த அனுபவத்தைச் சொல்ல முடிவது, பத்துச் சான்றிதழ்களை மேசையிலே அடுக்குவதைவிடக் கனமானது. கூத்து நன்றாக ஆடத் தெரிந்தவர், வில்லுப்பாட்டுப் பாடத் தெரிந்தவர், படம் வரையத் தெரிந்தவர் அத்திறமையையும் விண்ணப்பத்திலே எழுதத் தயங்கக்கூடாது; கிராமத்து மைதானத்திலே வீதி நாடகம் ஒன்றுக்கு வந்து சேரும் கூட்டம் கருத்தரங்குக்கு வருவதில்லை.

அரசசார்பற்ற நிறுவனங்களைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2009க்குப் பின்னர், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலும், மக்கள் ஊர் திரும்பிய பின்னர் அவரவர் கிராமங்களிலும், எத்தனையோ ஸ்தாபனங்கள் சுகாதார மேம்பாட்டு வேலை செய்தன. நம் இளைஞர் பலர் அங்கே கள உத்தியோகத்தராக முதன்முதலில் வேலை பழகினர். ஆனால் அவ்வேலைகள் திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு முடிபவை. நிதி தீர்ந்ததும் காரியாலயம் மூடப்பட, ஊரிலே தொடங்கிய குழுக்கள் கேட்பாரற்றுப் போயின. ஒப்பந்த வேலை கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அறிக்கை எழுதுதல், வரவுசெலவு பேணுதல், கணக்கெடுப்பு நடத்துதல் ஆகியவற்றை அங்கேதான் விரைவிலே கற்கலாம். ஆயினும், தொடங்கும் குழு எதுவாயினும் முதல் நாளிலிருந்தே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும் சனசமூக நிலையத்தோடும் அதை இணைத்து வையுங்கள். பதிவேட்டின் பிரதியொன்று அங்கே இருக்கட்டும். நீங்கள் போன பின்னரும் அந்தக் குழுவுக்கு ஒரு வீடு இருக்கும்.

மலேரியாவும் அதன் காவலும்

இந்நாட்டிலே 1934, 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாவினால் ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் மாண்டனர். பின்னர் டி.டி.ரீ. தெளித்து, காய்ச்சலைத் தேடித் தேடிப் பரிசோதித்து, 1963இல் ஆண்டு முழுவதற்கும் பதினேழே நோயாளர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் கண்காணிப்பு தளர, அந்தத் தசாப்தம் முடிவதற்குள்ளேயே இலட்சக்கணக்கானோர் மீண்டும் காய்ச்சலிலே விழுந்தனர். போர்க்காலத்திலே வன்னி மலேரியாவோடு எவ்வாறு போராடியது என்பதை நாற்பது வயதைக் கடந்த எவரும் சொல்வார். உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்ரோபரிலே பதிவானார். 2016 செப்டெம்பரிலே உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுரைத்தது. அதே 2016இல் மன்னாரிலும், பின்னர் குடாநாட்டிலும், முன்னர் இங்கே காணப்படாத நுளம்பினம் ஒன்று கண்டறியப்பட்டது; அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்பது அதன் பெயர், இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்புவது; கிணறுகளிலும் தொட்டிகளிலும் முட்டையிடுவது.

இல்லாத ஒரு நோயைப் பற்றி ஊரைக் கவனமாய் இருக்கச் செய்வதே இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் குளிர்க்காய்ச்சல் தெரியாது. இளம் தாய்க்கும் தெரியாது. புதிய வைத்தியருக்குக்கூடப் புத்தகத்திலேதான் தெரியும். ஆனால், இந்தியாவிலிருந்து யாத்திரை முடித்து வருவோரும் ஆபிரிக்காவிலே வேலைசெய்து திரும்புவோரும் அகதியாய் இருந்து மீள்வோரும் நம் ஊர்களிலே இருக்கிறார்கள். ஆகவே வன்னியிலே இத்தொழிலைத் தொடங்குபவர், காய்ச்சலோடு யாரைச் சந்தித்தாலும், கடந்த ஓராண்டுக்குள் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கப் பழக வேண்டும். பயண முகவரிடமும் கோயில் யாத்திரைக் குழுத் தலைவரிடமும் சென்று, புறப்படுவோர் முற்கூட்டியே மலேரியா தடை இயக்கத்தின் மாவட்டப் பணிமனையிலே தடுப்பு மருந்தைப் பற்றி விசாரிக்கவும், திரும்பியபின் காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை கேட்கவும் சொல்லிவைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை கிணற்றுக்கும் நீர்த்தொட்டிக்கும் வலைமூடி இருக்கிறதா என்று தம் ஒழுங்கையைச் சுற்றி வந்து, இல்லாத வீடுகளின் பட்டியலைப் பரிசோதகரிடம் கொடுக்க வேண்டும்.